பல்செட் போட்டவர் வாயில் பூஞ்சையா? கிராம்புத் தைலத்தைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்

அம்மாவுக்கு வயது 71. மேல் செட் போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. ஒருநாள் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டார், அப்போதுதான் பார்த்தேன். மேலண்ணம் முழுக்க ரத்தச் சிவப்பு. செட் எந்த இடத்தில் முடிகிறதோ, அதே இடத்தில் கோடு போட்டதுபோலச் சிவப்பும் முடிந்திருந்தது. வலிக்குதா என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல மக்களே, லேசா எரியும், அவ்வளவுதான்" என்றார்.

எங்களுக்கு நாகர்கோவில். மாறாமலைக் கிராம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேறு மருந்து எதற்கு என்று, நாட்டுமருந்துக் கடையில் ஒரு சின்ன பாட்டில் கிராம்புத் தைலம் வாங்கி, பஞ்சில் தொட்டு அப்படியே அண்ணத்தில் வைத்தேன். அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார். மறுநாள் அந்த இடத்தில் தோல் வெள்ளையாக உரிந்தது. போதாக்குறைக்கு, செட்டின் உள்பக்கத்திலும் தைலத்தைத் தடவி ஒரு ராத்திரி வைத்திருந்தேன். பளபளப்பாக இருந்த ரோஸ் நிறப் பிளாஸ்டிக் மங்கிப் போனது. அதன்பிறகு இரண்டு மாத அலைச்சல்.

தைலம் பூஞ்சைக்கு ஆகாது என்று சொல்ல வரவில்லை. ஆகும். ஆனால் நான் முதலில் செய்த வேலை கடைசியில் செய்ய வேண்டியது. இந்தப் பூஞ்சைக்கு வீடு வாய் அல்ல, செட்தான். வீட்டைச் சுத்தம் செய்யாமல் வாயில் எதைத் தடவினாலும், செட்டைத் திரும்ப மாட்டிய நிமிஷத்தில் பூஞ்சையும் திரும்ப வந்துவிடும்.

1. பூஞ்சைதானா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலும் காரணம் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை. குழந்தைகளுக்கு வரும் அக்கரமும் இதே இனம்தான். ஆனால் பல்செட்காரர்களுக்கு வெள்ளைப் படலத்தைவிடச் சிவப்புதான் அதிகம் தெரியும். வலி இருக்காது, அதனால் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. வாயோரம் இரண்டு பக்கமும் வெடித்துப் புண்ணாக இருந்தால் அதுவும் ஓர் அடையாளம்.

செட்டைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு செட் தொடும் இடத்தில் மட்டும் இருக்கிறதா, வெளியேயும் பரவியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து "குறைஞ்ச மாதிரிதான் இருக்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். படம்தான் உண்மையைச் சொல்லும்.

எச்சரிக்கை: வெற்றிலை, புகையிலை, பீடிப் பழக்கம் உள்ளவர் வாயில் வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, கெட்டியான மேடு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். அது பூஞ்சையாக இல்லாமல் இருக்கலாம். அதன்மேல் தைலம் தடவிக் காலம் கடத்துவது ஆபத்து. கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், விழுங்கும்போது நெஞ்சு வலிக்கிறவர்கள் ஆகியோருக்கும் இதேதான்.

2. பையில் எடுத்துப் போக வேண்டியவை

முதல்முறை போனபோது அம்மாவையும் பர்சையும் மட்டும் கூட்டிப் போனேன். டாக்டர் கேட்ட ஐந்து கேள்விகளில் நான்குக்குப் பதில் தெரியவில்லை. அந்த நாள் வீண். இரண்டாவது முறை எடுத்துப் போனவை இவை:

செட்டையே எடுத்துப் போங்கள். வாயில் மாட்டிக்கொண்டும் போகலாம், தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டும் கொண்டுபோகலாம். காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனால் காய்ந்து வடிவம் மாறும். மேல், கீழ் இரண்டும் வேண்டும்.

செட் செய்த இடத்தின் பழைய பில் அல்லது சீட்டு. எந்த வருஷம் செய்தது, என்ன பொருள் என்று அதில்தான் இருக்கும். வெறும் அக்ரிலிக்கா (அந்த ரோஸ் நிறப் பிளாஸ்டிக்தான்), உள்ளே உலோகத் தகடு உண்டா, வளையக்கூடிய வகையா, அடியில் மெத்தென்ற லைனர் ஒட்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்து, எதில் ஊறவைக்கலாம் என்பதே மாறிவிடும்.

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம். பட்டியல் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம், அட்டைகளை அப்படியே ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வாங்குபவர்கள் அந்த அட்டையையும் சேர்த்து எடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர் என்றால் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஏன் என்று 5-ஆம் படியில் வருகிறது.

சர்க்கரை ரிப்போர்ட். மூன்று மாதச் சராசரி, அதாவது எச்.பி.ஏ1சி, சமீபத்தியதாக இருக்கட்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் பூஞ்சை போய்ப் போய்த் திரும்பி வரும். அம்மாவுக்கு அதுதான் நடந்தது.

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர் என்றால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்காமல் விடுவதும் இந்தப் பூஞ்சைக்கு ஒரு காரணம்.

அரசு மருத்துவமனை என்றால் ஆதாரும் முன்பு போட்ட ஓ.பி. சீட்டும். காலை ஓ.பி. நேரத்துக்கு முன்பே போய் வரிசையில் நிற்பது நல்லது. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் செட் கட்டுவதற்கென்றே தனித் துறை இருக்கிறது, அங்கேதான் உங்களை அனுப்புவார்கள்.

3. பரிசோதனைக்கு எண்ணெய் தொடாத வாயோடு போங்கள்

எல்லோருக்கும் பரிசோதனை தேவைப்படாது. பார்த்தே சொல்லிவிடுவார்கள். திரும்பத் திரும்ப வருகிறது என்றால் பஞ்சுக்குச்சியால் வழித்து லேபுக்கு அனுப்புவார்கள். கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்ப்பது அன்றைக்கே முடியும். கல்ச்சர் என்றால் இரண்டு மூன்று நாள் ஆகும், பூஞ்சை வளர அவ்வளவு நேரம் வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பரிசோதனைக்கு முந்தின நாளும் அன்று காலையும் தைலம், மருந்து, வாய்க்கழுவி எதுவும் கூடாது. நான் தடவிவிட்டுக் கூட்டிப் போனேன், ரிப்போர்ட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று வந்தது. பூஞ்சை போய்விட்டது என்று வீட்டில் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தோம்! அண்ணத்தில் மட்டும் வழிக்காமல் செட்டின் உள்பக்கத்திலும் வழித்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

4. செட்டைச் சுத்தம் செய்யுங்கள், ராத்திரி கழற்றச் சொல்லுங்கள்

மொத்தக் கட்டுரையிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அக்ரிலிக் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும், ஆனால் அதில் நுண்ணிய துளைகள் நிறைய. பூஞ்சை அதில் ஒட்டிக்கொண்டு, தன்மேல் ஒரு வழுவழுப்பான படலத்தைப் போர்த்திக்கொள்ளும். குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பது மாதிரி. தண்ணீர் ஊற்றினால் பாசி போகுமா? தேய்த்தால்தான் போகும்.

ராத்திரி கழற்ற வேண்டும். அம்மா ஒன்பது வருஷமும் செட்டோடுதான் தூங்கியிருக்கிறார். "யாராவது ராத்திரி வந்தா பொக்கை வாயோடயா கதவைத் திறக்கது?" என்பது அவர் வாதம். இதில் அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் எனக்கு மருந்தைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மூடிபோட்ட டப்பா வைத்தோம், கையெட்டும் தூரத்தில்.

தேய்க்கும் முறை: கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், கை தவறி விழுந்தால் உடையாது. மென்மையான பிரஷ், கை கழுவும் சாதாரண திரவ சோப்பு. உள்பக்கம், அதாவது அண்ணத்தில் ஒட்டும் பக்கம், ஒவ்வொரு பள்ளமாகத் தேயுங்கள். பற்பசை வேண்டாம், அது கீறல் போடும், அந்தக் கீறலில் பூஞ்சை குடியேறும். கொதிக்கும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அக்ரிலிக் நெளிந்துவிடும், பிறகு வாயில் பொருந்தாது.

ஊறவைக்கும் முறை: செட் சுத்தம் செய்யும் மாத்திரை மருந்துக் கடையில் கிடைக்கும், உறையில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறவைத்தால் போதும். உலோகம் இல்லாத, லைனர் இல்லாத அக்ரிலிக் செட் என்றால், டாக்டரைக் கேட்டுவிட்டு, நீர்த்த பிளீச்சிங் திரவத்தில் 10 நிமிஷம் வைக்கலாம். அளவு 0.5 விழுக்காடு, அதாவது 5 விழுக்காட்டுத் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் 9 பங்கு. வாசனை சேர்த்த தரை கழுவும் திரவத்தை இதற்கு எடுக்காதீர்கள். 10 நிமிஷத்துக்கு மேல் போனால் செட் வெளுத்துக் கெடும். பிளீச்சோடு வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ கலக்காதீர்கள், விஷவாயு கிளம்பும். எடுத்தபின் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ராத்திரி முழுக்க வெறும் தண்ணீரில் போட்டு வையுங்கள். டப்பாவையும் தினம் கழுவுங்கள். நான் செட்டைப் பளிச்சென்று கழுவி, பாசி பிடித்த அதே டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

வாயையும் மறக்காதீர்கள். பல் இல்லையே என்று விடக்கூடாது; ஈரமான துணியால் ஈறு, அண்ணம், நாக்கு மூன்றையும் மெதுவாகத் துடைத்துவிட வேண்டும்.

5. டாக்டர் தரும் மருந்தை முழுக்க முடியுங்கள்

பொதுவாக க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட், நிஸ்டாட்டின் சொட்டு, மைக்கோனசோல் ஜெல் இவற்றில் ஒன்று தருவார்கள். அதிகமாக இருந்தால் ஃப்ளூகோனசோல் மாத்திரை. மேலே தடவுவது என்றால் பெரும்பாலும் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, இரண்டு வாரம் அளவில். செட்டைக் கழற்றிவிட்டுத் தடவ வேண்டும். நாலைந்து நாளில் சிவப்பு குறையும், அங்கேதான் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். சொன்ன நாள்வரை தடவுங்கள்.

மைக்கோனசோலும் ஃப்ளூகோனசோலும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவு உண்டாக்கும். வாயில் தடவும் ஜெல்தானே என்று நினைக்காதீர்கள், ஜெல்லாலும் நடக்கும். சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். மாத்திரை அட்டைகளை எடுத்துப் போகச் சொன்னது இதற்குத்தான்.

குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியும் நிஸ்டாட்டினும் சேர்த்து எழுதியிருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், ஒன்று மற்றதன் வேலையைக் கெடுக்கும். எவ்வளவு இடைவெளி என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

6. இனி தைலம்

நான்காம், ஐந்தாம் படிகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், டாக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் இது.

கிராம்பின் சரக்கு யூஜெனால், ஓமத்தின் சரக்கு தைமால், லவங்கப்பட்டையின் சரக்கு சின்னமால்டிஹைடு, எலுமிச்சம்புல்லின் சரக்கு சிட்ரால். எல்லாம் பூஞ்சை உயிரணுவின் மேலுறையை ஓட்டையாக்கி, உள்ளிருப்பதை ஒழுகவிடும். லேபில் இது நன்றாகவே நடக்கிறது. வாய் லேப் அல்ல, எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், தைலம் நிற்காது. ஈரானில் ஓமம்போல் தைமால் மணம் வீசும் ஸடாரியா என்ற செடியின் தைலத்தை 0.1 விழுக்காடு ஜெல்லாக்கி, மைக்கோனசோல் ஜெல்லோடு ஒப்பிட்டு 2006-இல் ஒரு சிறிய ஆய்வு வெளியிட்டார்கள். அண்ணத்தின் சிவப்பைத் தைல ஜெல் நன்றாகவே குறைத்தது. செட்டின் மேல் இருந்த பூஞ்சையை மைக்கோனசோல் அளவுக்குக் குறைக்கவில்லை. நான் இரண்டு மாதம் பட்டுத் தெரிந்துகொண்டது அந்த ஒரு வரியில் இருக்கிறது. 0.1 என்பதையும் கவனியுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் வைத்ததோ கலப்பே இல்லாத முழுத் தைலம்.

எதை வாங்குவது? என் தேர்வு கிராம்பு. பட்டைத் தைலத்தைத் தவிர்த்துவிடுங்கள், வாயில் ஒவ்வாமை வருவது அதில் அதிகம். அந்த ஒவ்வாமையும் சிவப்பாக, எரிச்சலாக, பூஞ்சை மாதிரியே இருப்பதால் நோய் கூடியதா மருந்து சுட்டதா என்று தெரியாமல் முழிப்பீர்கள். கடையில் 'லவங்கத் தைலம்' என்று கேட்டால் சிலர் கிராம்பையும் சிலர் பட்டையையும் தருவார்கள், அதனால் 'கிராம்பு' என்றே கேளுங்கள். டீ ட்ரீ எண்ணெய் நல்ல பூஞ்சைக்கொல்லிதான், ஆனால் விழுங்கக்கூடாதது. வயதானவர்கள் எதையும் விழுங்கிவிடுவார்கள், அதனால் வீட்டில் வேண்டாம். அதை செட்டுக்குள் பூசும் மெத்துப் பொருளோடு கலந்து சிலி நாட்டில் முயன்றிருக்கிறார்கள், ஆனால் அது டாக்டர் கையால் நடந்த வேலை. யூகலிப்டஸ், கற்பூரம், வலிக்குத் தேய்க்கும் விண்டர்கிரீன் தைலம் மூன்றும் இந்த வேலைக்கு இல்லை. விண்டர்கிரீன் வார்ஃபரினோடு மோதும்.

வாங்கும்போது: இருண்ட நிறக் கண்ணாடி பாட்டில், லேபிளில் செடியின் பெயர், தயாரித்த தேதி, காலாவதி தேதி. 'நறுமணத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். பெரிய பாட்டில் வேண்டாம், உங்களுக்குத் தேவை சொட்டுக் கணக்குதான். திறந்த தேதியை பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள், காற்றுப்பட்டுப் பழசான தைலம் அதிகம் சுடும். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சில மி.லி. குடித்தாலே குழந்தைக்குப் பேராபத்து.

கலப்பது: தைலம் தண்ணீரில் கரையாது. 'ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் கொப்பளி' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சொட்டு மிதந்து, போய் ஒட்டிய இடத்தில் முழு வீரியத்தோடு சுடும். எண்ணெயில்தான் கலக்க வேண்டும். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு ஒரே ஒரு சொட்டு. ஏறக்குறைய 1 விழுக்காடு வரும். அதற்குமேல் ஏற்றாதீர்கள்.

சோதிப்பது: முதலில் முன்கையின் உள்பக்கம் ஒரு துளி வைத்து ஒரு நாள் விடுங்கள். சிவந்தால், அரித்தால் அதோடு முடிந்தது. ஒன்றும் இல்லையென்றால் அண்ணத்தில் உளுந்தளவு இடத்தில் மட்டும் ஒருமுறை.

தடவுவது: செட்டைக் கழற்றி, வாயைக் கொப்பளித்து, பட்ஸில் தொட்டு மெல்லிசாக. ஐந்து நிமிஷம் கழித்துத் துப்பிக் கொப்பளிக்க வேண்டும். காலை ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. டாக்டர் தந்த மருந்துக்கும் இதற்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், எண்ணெய்ப் பசைமேல் மருந்து ஒட்டாது. இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். செட்டில் தடவவே கூடாது. பக்கவாதம் வந்தவர், விழுங்கும்போது புரையேறுபவர் என்றால் எண்ணெய்க் கொப்பளிப்பும் வேண்டாம், தைலமும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் வேறு பிரச்சினை.

இவ்வளவு கலக்கல் வேண்டாம் என்பவர்கள், தைமாலும் யூகலிப்டாலும் அளவோடு சேர்த்து வரும் வாய்க்கழுவியைக் கேட்டு வாங்கலாம். லிஸ்டரின் மூலக் கலவையில் தைமால் 0.064 விழுக்காடுதான். வாய் வறட்சி உள்ளவர்கள் ஆல்கஹால் இல்லாததைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லாதது: செட்டுக்கு ரீலைன் (தொளதொளத்த செட்டின் உள்பக்கத்தில் புது அக்ரிலிக் வைத்து வாய்க்குப் பொருத்துவது) செய்யப் போகிறார்கள் என்றால் கிராம்புத் தைலம் பயன்படுத்தியதை முன்கூட்டியே சொல்லுங்கள். யூஜெனால் பட்ட இடத்தில் புது அக்ரிலிக் சரியாக இறுகாது. பல் டாக்டர் கிளினிக்கில் அடிக்குமே ஒரு வாசனை, அதுவும் பெரும்பாலும் யூஜெனால்தான். அவர்களுக்கு அதன் குணம் நன்றாகத் தெரியும்.

7. செலவும் நாளும்

எங்களுக்கு ஆனது இது, உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறி இறங்கும். தனியார் கிளினிக்கில் ஒருமுறை பார்க்க 300 ரூபாய், நான்கு முறை போனோம். கல்ச்சர் 600. அதை என் அவசரத்தால் இரண்டு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. மவுத் பெயின்ட் இரண்டு பாட்டில் சேர்த்து 200-க்குள். செட் மாத்திரை மாதத்துக்கு 250. கிராம்புத் தைலம் 90 ரூபாய், அதில் பத்துச் சொட்டுகூடத் தீரவில்லை. தொளதொளத்துப் போன மேல் செட்டை ரீலைன் செய்ய 2,500. புதுசாக இரண்டு செட்டும் கட்ட 18,000 கேட்டார்கள், அதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

செட் பொருந்தாமல் ஆடினால் அண்ணத்தை உரசிக்கொண்டே இருக்கும், அந்தப் புண்ணில் பூஞ்சை விடாமல் பிடிக்கும். ஆகவே மருந்துக்குச் செலவழிக்கும் முன் "செட் சரியா உக்காருதா, பாருங்க சார்" என்று கேட்டுவிடுங்கள். ஆனால் சிவப்பும் வீக்கமும் இருக்கும்போதே ரீலைனுக்கு அளவெடுக்கச் சம்மதிக்காதீர்கள். வீக்கம் வடிந்ததும் அளவு மாறிவிடும், கொடுத்த காசு போச்சு. முதலில் பூஞ்சை அடங்கட்டும், பிறகு அளவு.

நாள் கணக்கு: சுத்தமும் மருந்தும் தொடங்கி ஒரு வாரத்தில் எரிச்சல் குறையும், இரண்டு வாரத்தில் நிறம் மாறும். மாறவில்லை என்றால் புது மருந்துக் கடையோ புதுத் தைலமோ தேடாமல் அதே டாக்டரிடம் செல்போன் படத்தைக் காட்டுங்கள், சதையை எடுத்துச் சோதிக்க வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். மாறியிருந்தால் ஒரு மாதம் கழித்து ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்று எங்களிடம் சொன்னார்கள். அம்மாவின் அடுத்த தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறேன். செட் டப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் நான்தான் போய்த் திறக்கிறேன்.